கணினி வந்தது, ஆசிரியர் எங்கே?

2002 பிப்ரவரியில் சித்தூர் மாவட்டம் குப்பத்தில் ஒரு திட்டம் பெரும் விளம்பரத்துடன் தொடங்கப்பட்டது. அன்றைய முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் சொந்தத் தொகுதி அது. அமெரிக்கப் பெருநிறுவனமான ஹியூலெட்-பேக்கார்டு மாநில அரசுடன் கைகோத்து நடத்திய அந்த மூன்றாண்டுத் திட்டத்தின் பெயர் ‘ஐ-கம்யூனிட்டி’. ஊர்களில் தகவல் மையங்கள் திறக்கப்பட்டன. கணினிப் பயிற்சி அளிக்கப்பட்டது. சுய உதவிக் குழுப் பெண்களிடம் டிஜிட்டல் கேமராவும் சூரிய ஒளியில் இயங்கும் அச்சுப்பொறியும் தரப்பட்டன. குப்பம் ஒரு ‘வாழும் ஆய்வகம்’ என்று நிறுவனத்தார் வர்ணித்தனர். ஏழைகளிடம் எதை, எப்படி விற்கலாம் என்பதே அங்கு நடந்த ஆய்வு. தவணை முடிந்ததும் நிறுவனம் பொறுப்பைப் பிறரிடம் விட்டு விலகியது. குப்பத்தின் அரசுப் பள்ளிகளுக்கு நிரந்தரக் கணினி ஆசிரியர் என்ற ஏற்பாடு அதனால் கிடைக்கவில்லை.

இந்த வரலாறு அத்துடன் முடியவில்லை. 2008-ல் ஒன்றுபட்ட ஆந்திராவின் 5,000 உயர்நிலைப் பள்ளிகளில் கணினிக் கல்வி தனியார் நிறுவனங்களிடம் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைக்கப்பட்டது. கணினிகளை நிறுவி, சொந்தமாக வைத்து இயக்கி, தவணை முடிவில் அரசிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு அது. ஆசிரியர்களும் அந்நிறுவனங்களின் சொற்பச் சம்பள ஒப்பந்த ஊழியர்களே. 2013-ல் ஒப்பந்தம் முடிந்தபோது பழைய கணினிகள் பள்ளியில் நின்றன. கற்பித்தவர்கள் தெருவில் நின்று போராடினர்.

பின்னர் வந்தது ஜெகன்மோகன் ரெட்டி ஆட்சி. 2022 ஜூனில் பைஜூஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம். அதே ஆண்டு டிசம்பரில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 4 லட்சத்து 60 ஆயிரம் பேருக்குக் கைக்கணினி. செலவு 680 கோடி ரூபாய்க்கு மேல். 2024 ஜூலையில் அதே பைஜூஸ் மீது திவால் நடவடிக்கை தொடங்கியது. கைக்கணினியில் காணொளி பார்க்கும் மாணவர் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்யவோ, வரவு செலவை அட்டவணையிட்டுக் கணக்கிடவோ கற்றுக்கொள்வதில்லை. அதற்கு விசைப்பலகை வேண்டும். பயிற்சி நேரம் வேண்டும். தவறைத் திருத்த அருகில் ஆசிரியர் வேண்டும்.

அலுவலகக் கணினித் திறனைக் கற்பிப்பதே முதலாளிகளுக்கு மலிவான உழைப்பாளியைத் தயாரித்துக் கொடுப்பதுதான் என்ற ஐயம் இடதுசாரிகளிடையேயும் உண்டு. ஆறாம் வகுப்பிலேயே தொழிற்கல்வியைத் திணிக்கும் தேசியக் கல்விக் கொள்கை 2020 அந்த ஐயத்துக்கு நியாயமும் சேர்க்கிறது. ஆனால் கணக்கு வைக்கும் அறிவை ஆளும் வர்க்கத்திடமே விட்டுவைப்பது எவ்வகையில் தீர்வாகும்?

2025-ல் சித்தூர் தோத்தாபுரி மாம்பழ விலை வீழ்ந்தது. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தர வேண்டும் என்று நிர்ணயிக்கப்பட்டது. 3,000 கிலோ கொடுத்த விவசாயிக்கு ஆலையிடமிருந்து 24,000 ரூபாயும் அரசிடமிருந்து 12,000 ரூபாயும் வந்து சேர வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, கிராமம் முழுவதற்கும் சேர்த்து எத்தனை லட்சம்? ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒரு மணி நேரத்தில் இதை அட்டவணையாக்கிவிடுவாள். ஸ்ரீசிட்டி ஆலையில் வேலை செய்யும் தாயின் ஊதியச் சீட்டில் மிகைநேரக் கூலியும் வருங்கால வைப்பு நிதியும் சரியாக உள்ளனவா என்பதையும் அவளால் சரிபார்க்க முடியும். ஆலையின் கணக்கறையில் உள்ள கருவி உழைப்பவர் வீட்டிலும் இருந்தால், ஏய்ப்பது அத்தனை எளிதல்ல.

பெருநிறுவனங்கள் இல்லாமல் இது முடியாது என்பாருக்குக் கேரளம் பதில் சொல்லிவிட்டது. 2001-ல் அங்கு தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் இன்று ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக வளர்ந்துள்ளது. பள்ளியின் சொந்த ஆசிரியர்களே பயிற்சி பெற்றுக் கற்பிக்கின்றனர். உரிமக் கட்டணம் கேட்காத கட்டற்ற மென்பொருளே பயன்படுகிறது. எழுத்தாக்கமும் விரிதாளும் பாடத்திலேயே உள்ளன. மொழிச் சிறுபான்மையினருக்காகத் தமிழிலும் கன்னடத்திலும் கணினிப் பாடநூல் அச்சாகிறது. சித்தூர், நகரி, குப்பம் பகுதிகளின் தமிழ்க் குழந்தைகளுக்கு ஆந்திர அரசு ஏன் இதைச் செய்யக்கூடாது?

அரசின் பள்ளிப் புள்ளிவிவரங்களின்படி 2024-25-ல் நாட்டின் பள்ளிகளில் கணினி வசதி உள்ளவை 64.7 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பள்ளிகளில் கணினியே இல்லை. இருக்கும் கணினியின் முன் ஆசிரியர் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு அரசு உயர்நிலைப் பள்ளியிலும் நிரந்தரக் கணினி ஆசிரியர் பணியிடம், அரசே நடத்தும் கணினி அறை, கட்டற்ற மென்பொருள், தாய்மொழியில் பாடநூல், தனியார் ஒப்பந்தங்களுக்கு முற்றுப்புள்ளி. மாணவர், ஆசிரியர், விவசாயிகள் அமைப்புகள் இக்கோரிக்கைகளை ஊர் ஊராக எடுத்துச் செல்ல வேண்டும். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு அடுத்த நிறுவனத்தின் அடுத்த இலவசம் தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது மாதா மாதம் அரசுச் சம்பளம் பெற்று, ஆண்டு முழுதும் வகுப்பில் நிற்கும் ஓர் ஆசிரியர்.