ரயில் நஷ்டத்தில் ஓடுதாம்... அப்போ நிற்கக்கூட ஏன் இடமில்லை?

ரயில் டிக்கெட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி பார்த்திருப்பீங்க. பயணத்துக்கு ஆகும் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் ரயில்வேக்குத் திரும்பக் கிடைக்கிறது என்று அதில் இருக்கும். அதே ரயிலில் தீபாவளிக்கு நெல்லைக்கு டிக்கெட் போட்டால், முன்பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே வெயிட்டிங் லிஸ்ட். இவ்வளவு கூட்டம் இருந்தும் நஷ்டம் எப்படி?

இது ஆள் வராததால் வரும் நஷ்டம் இல்லை. கட்டணத்தை அரசே குறைவாக வைத்திருப்பதால் வருவது. புறநகர் ரயிலும் சாதாரண இரண்டாம் வகுப்பும் நிரம்பி வழிந்தாலும் போட்ட காசை எடுக்காது.

சரி, மிச்சத்தை யாரு கட்டுறாங்க? பெரும்பாலும் சரக்கு ரயில். அதில் போவதில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. அது போய்ச் சேருமிடம் அனல்மின் நிலையம். ஆக, டிக்கெட்டில் குறைத்த காசில் ஒரு பங்கு மின்சாரச் செலவில் ஏறுகிறது. ரயில் பக்கமே போகாதவரும் கட்டுகிறார். சரக்குக் கட்டணத்தை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. ஏற்றினால் சிமென்ட்டும் இரும்பும் லாரிக்குப் போயிடும்.

அப்போ டிக்கெட் விலையை ஏற்றலாமா? யாருக்கு என்பதுதான் கேள்வி. 2025 ஜூலையில் ஏசி இல்லாத மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களுக்கு கிலோமீட்டருக்கு 1 பைசா கூட்டினார்கள். சென்னை - நெல்லை சுமார் 650 கி.மீ.; கூடுதல் செலவு ஆறேழு ரூபாய். பண்டிகை நேரத்து ஆம்னி பஸ் கட்டணம் பார்த்தவர்களுக்கு இது பெரிசா தெரியாது.

கொரோனாவுக்குப் பிறகு நடந்தது வேறு கதை. பாசஞ்சர் ரயில்கள் 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்' என்ற பெயரில் திரும்பி வந்தன. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. வேகம் கூடவில்லை, வசதியும் கூடவில்லை. பக்கத்து ஊர்ச் சந்தைக்கு கீரைக்கட்டோடு போய்வருபவருக்கு 20 ரூபாய் செலவு 60 ஆனது. பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரியில்தான். நஷ்டக் கணக்கைக் காட்டி இப்படிக் கைவைப்பதில் நியாயமே இல்லை. குறுந்தூர ஏழைப் பயணிக்கு மானியம் தேவை. அதை நிலக்கரிக் கட்டணத்துக்குள் ஒளித்து வைக்காமல் பட்ஜெட்டிலேயே வெளிப்படையாக ஒதுக்கலாம்.

60 வயது கடந்த ஆண்களுக்கு 40, 58 கடந்த பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த மூத்த குடிமக்கள் சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதுதான். அந்தக் கவுன்ட்டர் இன்னும் திறக்கவில்லை.