காவல் நிற்கும் இடம்

வளவுக்குக் காவல் வைப்போர், காவற்காரனுக்கு எவ்வளவு சம்பளம் கொடுப்பதென்று பலநாள் யோசிப்பர். அவனை எங்கே நிறுத்துவதென்று ஒரு கணமும் யோசியார். படலையடியில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டாற் காரியம் முடிந்ததென எண்ணுவர். படலையில் இருப்பவன் வருவோரையும் போவோரையும் காண்பான். பின்வளவுக் கிணற்றடியில் நடப்பது அவன் கண்ணிற் படாது. கிணற்றடியில் வாளி காணாமற் போனபோது, "இன்று படலையால் வந்தவன் எவன்?" என்று அவனை விசாரித்தால் அவன் யாரையாவது சுட்டிக் காட்டத்தான் செய்வான்.

இக்காலத்துக் காரியாலயங்களில் நடைபெறும் ஒரு விஷயம் இதனைப் பெரிதும் ஒத்திருக்கக் காண்கின்றோம். இருபது முப்பது பேர் வேலை செய்யும் இடங்களிலெல்லாம் இன்று கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன. ஒருநாள் அவ்வலையமைப்பு மந்தமாகின்றது. கணக்கேடு திரையில் வருவதற்குள் தேநீர் ஆறிவிடுகின்றது. "யார் இதை வீணாக்குகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்" என மேலிடத்துக் கட்டளை பிறக்கின்றது. கண்காணிப்பதற்குரிய மென்பொருள்களுக்குக் குறைவில்லை; அவற்றுட் சிறந்தன சில இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயின், அதனை எந்தக் கம்பியிற் பொருத்துவது? கணினி பயிலும் எமது மாணாக்கருட் பலர் விழிப்பது இக்கேள்விக்கே. ஆதலின் இவ்வாரம் அதனை எடுத்துக்கொண்டோம்.

முன்னாளில் இக்கேள்வி எழவேயில்லை. 1973 ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ற்ரோ ஆராய்ச்சி நிலையத்தில், றொபேட் மெற்காஃப் என்பார் ஈதர்நெற் என்னும் முறையை வகுத்தார். அம்முறையிற் கணினிகள் யாவும் ஒரே கம்பியைப் பொதுவிற் பயன்படுத்தின. கணினிகள் தம்முட் பேசுவனவெல்லாம் சிறுசிறு பொதிகளாகவே செல்லும்; ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அனுப்புவது எது, பெறுவது எது என எழுதப்பட்டிருக்கும். பொதுக் கம்பியில் ஒரு பொதி சென்றால் அது எல்லாக் கணினிகளுக்கும் எட்டும். நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எந்த விறாந்தையிலிருந்து பேசினாலும் நடுமுற்றத்தைக் கடந்து எல்லோர் காதிலும் விழும். தமக்குரியதல்லாத பேச்சைக் கேளாதவர்போல் இருப்பது பண்பு. கணினிகளும் அவ்வாறே பிறர்க்குரிய பொதிகளைக் கைவிட்டன. அப்பண்பை விட்டுவிடுமாறு ஒரு கணினியைப் பணித்தாற் போதும்; எந்த மூலையில் இருந்தாலும் அது சகலதையும் கேட்கும். பின்னர் வந்த ஹப் என்னும் பெட்டியிலும் நிலைமை இதுவே.

ஹப்பின் இடத்தைச் சுவிச் பிடித்தபோதுதான் எல்லாம் மாறியது. பாடநூல்கள் இதனை ஆளி என வழங்குகின்றன. எந்தத் துவாரத்தில் எந்தக் கணினி இருக்கிறதென்பதைச் சுவிச் தானே கற்று நினைவில் வைத்துக்கொள்கின்றது. பொதியை உரியவரின் துவாரத்துக்கு மாத்திரம் அனுப்புகின்றது. நாற்சார் வீட்டின் அறைகளுக்குக் கதவு போட்டாயிற்று. இந்நிலையில், வெறுமையாயிருக்கும் ஏதோவொரு துவாரத்திற் கண்காணிப்புக் கணினியைச் செருகினால், அது தன் சொந்தப் பேச்சையும், எல்லோர்க்குமாகக் கூவப்படும் அறிவித்தல்களையும் கேட்கும், பிறவற்றைக் கேளாது. "எல்லாம் அமைதியாயிருக்கிறது" என்று அறிக்கை எழுதுவோர் சிலர் இவ்விடத்தில் அமர்ந்தே எழுதுகின்றனர்.

இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. தரமான சுவிச்சுகளில் ஒரு துவாரத்திற் செல்வனவற்றின் பிரதியை வேறொரு துவாரத்துக்கு அனுப்புமாறு கட்டளையிடலாம். அல்லது, கம்பியை இடையில் வெட்டி, இருபுறமும் செல்வனவற்றைப் பிரதி செய்து தரும் ராப் என்ற சிறு பெட்டியைப் பொருத்தலாம். முன்னதிற் செலவில்லை, ஆனால் ஓர் இடர் உண்டு. 1 கிகாபிற் வேகமுள்ள கம்பியிற் போக்கிலும் வரவிலுமாகச் செக்கனுக்கு 2 கிகாபிற் வரை செல்லக்கூடும். அவ்விரண்டையும் 1 கிகாபிற் துவாரமொன்றினூடாகப் பிரதியாகப் பெற முயன்றால், மிஞ்சியவை சத்தமின்றி உதிர்ந்துபோகும். அதுவும் நெரிசல் மிகுந்த வேளையில், எமக்குத் தேவைப்படும் அதே வேளையில்.

இனி, எந்தக் கம்பி? பெரும்பாலோர் முதலிற் படலையையே நாடுவர். இணையத்துக்குச் செல்லும் ரவுட்டரின் கம்பியைச் சொல்கின்றோம். அங்கும் உள்ளே நிற்பதற்கும் வெளியே நிற்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு. காரியாலயத்தினுள்ளே கணினிகளுக்கு 192.168 எனத் தொடங்குவன போன்ற உள்வீட்டு முகவரிகளே கொடுக்கப்படுகின்றன. வெளியே செல்லும்போது ரவுட்டர் அவற்றையெல்லாம் நீக்கித் தன் ஒரே முகவரியை எழுதிவிடுகின்றது. வெளியே நிற்பவனுக்கு முப்பது பேரும் ஒருவராகவே தோன்றுவர். உள்ளே நின்றாலோ ஒவ்வொருவரும் தனித்தனியே தெரிவர்.

எமது பழைய மாணாக்கர் ஒருவர் கொழும்பிலுள்ள ஒரு காரியாலயத்திற் கணினிப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கின்றார். அங்கே சில மாதங்களாகக் காலை 9 மணி முதல் 11 மணிவரை கணக்குப் பகுதியின் வேலை தவழ்ந்துகொண்டிருந்தது. புதிதாக வந்த இளம் இலிகிதர் ஒருவர் கைத்தொலைபேசியிற் கிரிக்கெட் பார்ப்பவர் என்பது ஊரறிந்த விஷயம். பழி அவர்மேல் விழுந்தது. தகுதிகாண் காலம் முடியாதவர். வீட்டில் உழைப்பவர் அவர் ஒருவரே. "இவரை அனுப்பிவிட்டால் வலையமைப்புத் திருந்திவிடும்" என்று முகாமையாளர் கூறிவிட்டார்.

மாணாக்கர் ஒரு வார அவகாசம் கேட்டு வாங்கினார். முதலில் ரவுட்டருக்கு உட்புறக் கம்பியைப் பிரதி செய்து பார்த்தார். இலிகிதர் கிரிக்கெட் பார்த்தது மெய்யே. ஆயினும் அவ்வேளையில் இணையத் தொடுப்பிற் பத்திலொரு பங்குதானும் நிரம்பியிருக்கவில்லை. வேறொருவராயின் இலிகிதரின் பெயரைக் கண்டவுடனே அறிக்கையை முடித்திருப்பார். இவர் அவ்வாறு செய்யவில்லை. கணக்கேடு இருப்பது இணையத்திலன்று, பக்கத்து அறையிலுள்ள சேர்வரில். அதற்குச் செல்லும் பொதிகள் படலையைத் தொடுவதேயில்லை என்பதை நினைத்துப் பார்த்தார். மறுநாட் சேர்வரின் துவாரத்துக்குக் காவலை மாற்றினார்.

சரியாக 9 மணிக்குச் சேர்வரிலிருந்து புறப்படும் கம்பி நிரம்பியது. பெறுவது எதுவெனப் பார்த்தால், தரவுகளின் பிரதியைச் சேமித்து வைக்கும் பெட்டி! இரவெல்லாம் உறங்கிவிட்டு, எல்லோரும் வேலை தொடங்கும் நேரத்தில் அது முழுத்தட்டையும் நகலெடுத்துக்கொண்டிருந்தது. அதற்குக் குறித்துக் கொடுத்த நேரம் அதிகாலை 3:30. பெட்டியின் கடிகாரமோ கிறீன்விச் நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. எமது நாட்டு நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. கடிகாரத்தைத் திருத்த இரண்டு நிமிடம் சென்றது. இலிகிதர் இன்றும் அங்கே வேலை செய்கின்றார். கிரிக்கெட்டை மதிய இடைவேளைக்கு ஒத்திவைத்துள்ளாராம்.

கேள்வி வேறானால் இடமும் வேறாகும். 1986 ஆம் ஆண்டில், கலிபோர்னியாவிலுள்ள லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்திற் கணினிக் கட்டணக் கணக்கில் 75 சதம் இடித்தது. வானியலாளராகிய கிளிஃபோட் ஸ்ரோல் அதனைத் தேடப்புக்கு, யாரோ அந்நியன் உள்ளே நுழைகின்றான் என்று கண்டார். அவர் கேட்ட கேள்வி "ஏன் மந்தம்?" என்பதன்று, "எவ்வழியால் வருகிறான்?" என்பது. ஆகவே அவர்க்குப் படலையே தக்க இடமாயிற்று. கணினியினுள்ளே காவல் நிரலொன்றை ஓடவிட்டால், உள்ளே அதிகாரம் பெற்றுவிட்ட கள்வன் அதனைக் கண்டுகொள்வான். எனவே ஒரு வார இறுதியில் சக உத்தியோகத்தரின் மேசைகளிலிருந்த அச்சுப்பொறிகளையும் முனையங்களையும் சேகரித்து வந்து, வெளியிலிருந்து வரும் ஏறத்தாழ 50 தொடுப்புகளிலும் பூட்டிவிட்டுக் காத்திருந்தார். ஒரு பொறி 80 அடி நீளத் தாளை உமிழ்ந்திருந்தது. கள்வன் அடித்த ஒவ்வோர் எழுத்தும் அதில் இருந்தது. அத்தடத்தைப் பற்றிச் சென்று, மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகரில் இருந்துகொண்டு சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்றவரைக் கண்டுபிடித்தனர். ஸ்ரோல் 1989 இல் எழுதிய நூலில் இவ்வரலாறு முழுவதும் உண்டு. உயர்தர வகுப்பு மாணவர் தேடிப் படிக்கத்தக்கது.

நிற்க. எங்கே நின்றாலும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமென்பதில்லை. இந்நாளில் இணையத்திற் செல்வனவற்றுட் பெரும்பகுதி மறைகுறியாக்கப்பட்டே செல்கின்றது. உள்ளிருப்பதை வாசிக்க முடியாது. யாரிடமிருந்து யாருக்கு, எப்பொழுது, எவ்வளவு என்பன மாத்திரமே தெரியும். கடித உறையை மட்டும் பார்க்கும் தபாற்காரரின் நிலை அது. மேற்கூறிய காரியாலயத்தில் உண்மை வெளிப்பட்டது உறையினாலேயே என்பதைக் கவனிக்க.

உறையைப் பார்ப்பதற்கும் உரிமை வேண்டும். எமது நாட்டின் 2007 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அதிகாரமின்றித் தரவுகளை இடைமறித்தல் குற்றமாகும். காரியாலயத்தார் காவல் வைப்பதாயின் ஊழியர்க்கு முன்கூட்டியே அறிவித்தல் முறை. ஒளிந்து நிற்கும் காவல் அங்குள்ளோர் மனத்தைக் கெடுத்துவிடும் என்பது எமது கருத்து. மாணவர்கள் கல்லூரி வலையமைப்பிலோ கடைகளின் வைஃபையிலோ இதனைச் செய்து பார்க்கலாகாது.

சொந்த வீட்டிற் செய்து பார்க்கலாம். 1998 இல் ஜெரால்ட் கோம்ஸ் ஈதீரியல் என்ற பெயரில் வெளியிட்டு, 2006 முதல் வயர்ஷாக் என வழங்கும் மென்பொருள் இலவசமானது. பெற்றோரிடம் சொல்லி, அதனை உங்கள் கணினியில் நிறுவி ஓடவிடுங்கள். தம்பியை வேறொரு கணினியில் ஏதாவது படம் பார்க்கச் சொல்லுங்கள். படத்தின் பொதிகள் உங்கள் திரைக்கு வாரா. அம்மாவின் கைத்தொலைபேசி "நான் இங்கே இருக்கிறேன்" என்று எல்லோர்க்கும் கூவுவது போன்ற சில அறிவித்தல்களே வரும். அதன்பின் ஒரு தாளை எடுத்து, ரவுட்டரையும் அதிலிருந்து செல்லும் தொடுப்புகளையும் வரைந்து, எவ்விடத்தில் நின்றிருந்தால் அப்படம் தெரிந்திருக்கும் எனக் குறித்துப் பாருங்கள்.