இரவல் பெருமை

ஆசியாவின் மானத்தை ஜப்பான் காப்பாற்றியதாக இன்றும் சிலர் பெருமைப்படுகிறார்கள். 1905-ல் சுஷிமா ஜலசந்தியில் ருஷ்யக் கப்பற்படையை அட்மிரல் டோகோ நாசமாக்கியது உண்மை. அடிமை இந்தியா அதைக் கண்டு தலை நிமிர்ந்ததும் உண்மை. ஆனால் ஐரோப்பாவில் ஆசியா மீது மதிப்பா பிறந்தது? ‘மஞ்சள் அபாயம்’ என்ற பழைய பயந்தான் பெருத்தது!

1910-ல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. 1942-43-ல் சயாம் - பர்மா ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கில் சாகவிட்டது. அவர்களும் ஆசியர்கள்தாமே?

ஆதம்பாக்கத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை அமெரிக்கா போனால் தெருவே மார்தட்டிக்கொள்கிறது. அடுத்த வீட்டில் அடுப்பெரிகிறதா என்று யார் கேட்கிறார்கள்? வெற்றியில் பங்கு கேட்கிறவர் பழியிலும் பங்கு ஏற்கட்டும். மாட்டேன் என்றால், ஜப்பானின் வெற்றியை ஜப்பானின் கணக்கிலேயே விட்டுவிட வேண்டியதுதான். நம் கௌரவத்தை நாம்தான் சம்பாதிக்க வேண்டும்.