கடலை போட்ட கதை

ஆபீஸில் கடலை போடுவதில் நான் அப்படியொன்றும் மோசமில்லை. அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் விசாரித்தால் சொல்வார்கள். அந்தத் தெம்பில் நிலத்திலும் போட்டுவிடலாம் என்று இறங்கினேன் பாருங்கள், அங்கேதான் சறுக்கியது.

திண்டிவனம் பக்கம் எங்களுக்கு இரண்டு துண்டு நிலம். மேட்டில் ஒரு ஏக்கர், செம்மணல். ஏரிக்குக் கீழே ஒரு ஏக்கர், களிமண். மேட்டில் அப்பா வருஷா வருஷம் வேர்க்கடலை எடுப்பார். டி.எம்.வி. 7 என்று கடலை ரகம் கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்த டி.எம்.வி. எங்க திண்டிவனம்தான். (பாட்டுக்கார டி.எம்.எஸ். வேறு.)

"கீழ் நிலத்துலயும் கடலையே போடலாமேப்பா? டபுள் வருமானம்!" என்றேன்.

"அது பிடிமானமான மண்ணுடா. கடலைக்கு ஆவாது."

"எல்லாம் மண்ணுதானே?"

அப்பா பதில் பேசவில்லை. ஆபீஸில் லோன் போட்டு 40,000 ரூபாய் கொண்டுவந்தவன் நான். பணம் கொடுக்கிற பையனிடம் ஒரு தடவைக்கு மேல் சொல்லத் தயங்கியிருப்பார்.

வேர்க்கடலைக்கு ஒரு விசித்திர குணம். பூப்பது வெளியே, காய்ப்பது பூமிக்குள்ளே. மஞ்சள் பூ கருவுற்றதும் ஊசி மாதிரி ஒரு விழுது கிளம்பி, மண்ணைக் குத்திக்கொண்டு இரண்டு அங்குலம் போல இறங்கி, இருட்டில்தான் காயாகும். பிள்ளைத்தாச்சியே பிரசவ வார்டைத் தோண்டிக்கொள்கிற மாதிரி. மண் பொலபொலவென்று இருந்தால் விழுது சுலபமாக இறங்கும். களிமண்ணோ, காய்ந்தால் செங்கல்.

மணல், களி என்பதெல்லாம் கலர் சமாச்சாரம் இல்லை, பொடியின் சைஸ். மணல் கண்ணுக்குத் தெரியும். களியின் பொடி ஒரு மில்லிமீட்டரில் 500-ல் ஒரு பங்கைவிடச் சிறிசு. நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு தண்ணீரை வெளியே விடாது, காற்றை உள்ளே விடாது. நாலு நாள் அடைமழை பெய்ததும் என் கடலை மஞ்சளடித்தது. இந்த ஜாதிச் செடிகளின் வேரில் குட்டிக் குட்டி முடிச்சுகள் உண்டு. அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியாதான் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சமைத்துப் போடும். நல்ல முடிச்சைக் கிள்ளினால் உள்ளே ரோஸ் கலர். நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் அங்கே வேலை பார்க்கிறான். மேட்டு நிலத்தில் கிள்ளினேன், ரோஸ். கீழே, மூச்சு முட்டிப் பச்சை.

45-ஆம் நாள் 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்தும் பார்த்தேன். அறுவடையன்று மேட்டில் செடியை இழுத்தால் கொத்தாகக் காய். கீழே இழுத்தேன். செடி வந்தது, காய் வரவில்லை. மண்வெட்டியால் கொத்தி எடுத்ததில், கூலிதான் கடலை விலையைத் தாண்டியது. மேட்டில் கிடைத்ததில் கால்வாசிகூடத் தேறவில்லை.

"மெட்ராஸ்காரன் கடலை போட்டா இப்படித்தான்" என்றார் சித்தப்பா. களத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அடுத்து அதே கீழ் நிலத்தில் அவர் சம்பா நட்டார். தை மாசம் அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால், நெல் நிற்கும்போதே, சேற்று ஈரத்தில் உளுந்தை வீசிவிட்டு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து வழக்கம் இது. உழவு கிடையாது, பாசனம் கிடையாது. களி பிடித்து வைத்திருந்த ஈரமும் ராத்திரிப் பனியும் போதும். எந்தப் பிடிமானம் என் கடலையைக் கவிழ்த்ததோ, அதுவேதான் உளுந்தைக் காப்பாற்றியது. உளுந்துக்குப் பூமிக்குள் வேலையும் இல்லை, காய் வெளியிலேயே தொங்குகிறது. மேட்டில் வீசியிருந்தால் மணல் சீக்கிரமே காய்ந்து, விதை புறாவுக்குப் போயிருக்கும். 70 நாளில் உளுந்து வீட்டுக்கு வந்தது. என் லோனில் இன்னும் 11 தவணை பாக்கி.

அப்பா ஈரக் களியைக் கிள்ளி என் கையில் வைத்தார். "கட்டைவிரலால நசுக்கித் தள்ளு." ரிப்பன் மாதிரி இரண்டு அங்குலம் நீண்டது, உடையவில்லை. மேட்டு மண்ணை வைத்தார். ரிப்பனே வரவில்லை, உதிர்ந்தது.

"இதை அப்பவே காட்டியிருக்கலாமேப்பா?"

"காட்டத்தான்டா வந்தேன். நீ வரப்புல நின்னு யார்கூடவோ போன்ல பேசிக்கினு இருந்த. முக்கா மணி நேரம்."