சிதறலை மறைக்க மாட்டோம்

விமானமும் ராக்கெட்டும் வடிவமைக்கும் பொறியாளர்களாகிய நாங்கள் இன்று ஓர் இயக்கமாகக் கூடுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றே: வடிவமைப்பில் இடம்பெறும் ஒவ்வோர் எண்ணும் தன் சிதறலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரே உலையில் உருவான இரண்டு தகடுகளுக்கு ஒரே வலிமை இருப்பதில்லை. ஒரே வானில் இருமுறை அடிக்கும் காற்றும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆனாலும் வலிமைக்கு ஓர் எண், சுமைக்கு ஓர் எண் என்று எழுதி, இடையில் 1.5 என்ற பாதுகாப்புக் காரணியை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். சுமை 100, சராசரி வலிமை 150. வலிமை இயல்நிலைப் பரவலில் அமைந்து, திட்டவிலக்கம் 10 என்றால், முறியும் வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்று. திட்டவிலக்கம் 25 என்றால் 44இல் ஒன்று. இரண்டிலும் காரணி அதே 1.5தான்.

1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்ணோடத்தை மறுநாள் ஏவலாமா என்று விவாதித்தபோது, அதன் உந்து ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையம் சேதமான பயணங்களை மட்டுமே ஒப்பிட்டார்கள். 12 டிகிரி செல்சியஸிலும் சேதம், 24 டிகிரியிலும் சேதம். எனவே குளிரைக் குற்றம் சொல்ல வழியில்லை என்று தோன்றியது. சேதமில்லாத பயணங்களையும் சேர்த்திருந்தால் உண்மை கண்ணில் பட்டிருக்கும்: 18 டிகிரிக்குக் கீழே ஏவிய நான்கிலும் சேதம், பழுதின்றித் திரும்பியவை அனைத்தும் அதைவிட வெப்பமான நிலையில் ஏவியவை. ஏவ வேண்டாம் என்ற பொறியாளர்களின் குரலுக்கு எண் துணை நிற்கவில்லை. மறுநாள் 2 டிகிரிக் குளிரில் ஏழு உயிர்கள் போயின.

விண்ணோடம் அழியும் வாய்ப்பை நிர்வாகம் லட்சத்தில் ஒன்று என்றும், பொறியாளர்கள் நூற்றில் ஒன்று என்றும் மதிப்பிட்டிருந்ததை விசாரணையின்போது ரிச்சர்ட் ஃபைன்மன் வெளிக்கொணர்ந்தார். இறுதியில் 135 பயணங்களில் இரண்டு விண்ணோடங்களை இழந்தோம்.

1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் டிசி-10 விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. அதன் எஞ்சினிலிருந்த டைட்டானியம் விசிறித் தட்டில், உலோகத்தை உருக்கியபோதே தங்கிவிட்ட குறை ஒன்று விரிசலாக வளர்ந்திருந்தது. இத்தகைய அரிய குறைகளை நிகழ்தகவால் மதிப்பிடும் முறையை அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2001இல் வழிகாட்டுதலாக வெளியிட்டது. வழி இருக்கிறது, அடுத்த விபத்துக்காகக் காத்திராமல் அதில் நடப்போம்.

ஆகவே உறுதி ஏற்கிறோம்:

1. சராசரியோடு சிதறலையும், எத்தனை மாதிரிகளைச் சோதித்தோம் என்பதையும் எழுதுவோம்.

2. உடைந்தவற்றோடு உடையாதவற்றையும் கணக்கில் சேர்ப்போம்.

3. நூற்றில் 99 துண்டுகளாவது தாங்கும் வலிமை இது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லும் வழக்கம் உலோகங்களுக்கு ஏற்கெனவே உண்டு. சுமைக்கும், அளவுகளுக்கும், தயாரிப்புப் பிழைகளுக்கும் அதே நேர்மையைக் கொண்டுவருவோம்.

4. பாதுகாப்புக் காரணியைக் கைவிட மாட்டோம். அதன் பின்னால் இருக்கும் முறிவு வாய்ப்பை வெளிப்படையாக எழுதுவோம்.

5. தரவு போதாத இடத்தில் போதாது என்றே எழுதுவோம். அட்டவணைக்காகவோ பதவிக்காகவோ எந்த எண்ணையும் திருத்த மாட்டோம்.

தோழர்களே, உங்கள் மேசையில் இப்போது விரிந்திருக்கும் வரைபடத்திலிருந்தே தொடங்குங்கள். ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதன் பக்கத்தில் சிதறலை எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால், அடுத்த சோதனையை எங்கே செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது.