அடுப்பு 100 கிராம், அறியாமை எத்தனை கிலோ?

மலையேற்றம் போகிறவர்கள் அடுப்பு வாங்கும் அழகே அழகு. எடை 100 கிராமா, பைக்குள் அடங்குமா, விலை ஆயிரத்துக்குள்ளா... விசாரணை முடிந்தது! எதைப் போட்டு எரிக்கப் போகிறோம் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அடுப்பு ஒருமுறைச் செலவு, எரிபொருள் ஒவ்வொரு பயணத்துக்கும் செலவு. பி.காம். முதலாண்டு மாணவனுக்கே இது தெரியும்.

மலிவு அடுப்புகளுக்குப் பெரும்பாலும் பியூட்டேன் குப்பிதான். சாதாரண பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. போதாததற்கு, எரிய எரியக் குப்பியே குளிர்ந்துகொண்டு போகும். கடற்கரையில் ஜோராக எரிந்த அடுப்பு, ஸ்பிதியின் உறைபனி இரவில் அழுது வடியும். புரோப்பேன் கலந்த குப்பி குளிரைத் தாங்கும். ஆனால் அது மலையடிவாரப் பெட்டிக்கடையில் கிடைக்குமா?

"இங்கிருந்தே கொண்டுபோனால் ஆச்சு" என்பார்கள். விமானத்தில் கூடாது, ரயிலிலும் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் செத்தார்கள். "அது பெரிய சிலிண்டர், இது சின்னக் குப்பி" என்று இன்னமும் வாதாடுகிறவர்களை என்ன செய்வது?

கடைசி ஊரில் எந்த எரிபொருள் கிடைக்கும் என்று முதலில் விசாரியுங்கள், அடுப்பை அப்புறம் பார்க்கலாம். மண்ணெண்ணெய் கிடைக்குமென்றால் பம்பு ஸ்டவ் போதும். பாட்டி காலத்துச் சாமான் என்று சிரிக்கிறார்கள். 1911-ல் அமுண்ட்சென் தென்துருவத்துக்குக் கொண்டுபோனதும் பிரைமஸ் பம்பு ஸ்டவ்தான்.