தாழ்ச்சி யாருக்குச் சொல்லப்பட வேண்டும்?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை ஒரே தொகுப்பாக அறிவித்தார்கள். அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான். ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் பார்க்க இனி வெளிநாட்டுப் பயணிகள் இன்னும் அதிகமாக வருவார்கள். ஆனால் அந்தக் கோட்டையைச் சேர்ந்த இன்னொரு குன்றின் பெயரை வழிகாட்டிகள் அதிகம் சொல்வதில்லை. அதன் பெயர் சக்கிலி துர்கம். குன்றுகளுக்கும் சாதிப் பெயர் வைத்திருக்கும் மண் இது.

இந்த மண்ணுக்குக் கிறிஸ்தவம் வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1597இல் இயேசு சபைக் குரு பிமெண்டா செஞ்சிக்கு வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைச் சந்தித்தார். போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர வேறெந்த நகரமும் இதற்கு ஈடாகாது என்று ஊரைப் பார்த்து வியந்து எழுதினார். செஞ்சியும் சுற்றியுள்ள ஊர்களும் இன்று புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எல்லைக்குள் இருக்கின்றன. அந்த எல்லைக்குள் தலித் கிறிஸ்தவர்கள் காலம் காலமாகக் கேட்டுவரும் அறிவுரைகள் மூன்று: தாழ்ச்சியோடு இருங்கள், ஒற்றுமையைக் குலைக்காதீர்கள், பொறுமையாக இருங்கள். மூன்றும் நல்ல பண்புகள்தான். நம் கேள்வி, இவை எப்போதும் சேரித் தெருவைப் பார்த்து மட்டும் ஏன் சொல்லப்படுகின்றன என்பது.

தாழ்ச்சி என்பது தமிழ்க் கத்தோலிக்கர்கள் தினமும் புழங்கும் சொல். தாழ்த்தப்பட்டோர் என்ற சொல்லுக்கும் வேர் அதுதான். ஆனால் ஒருவர் தானாகத் தாழ்வதும், பிறரால் தாழ்த்தப்படுவதும் வேறு வேறு. இயேசு சீடர்களின் காலைக் கழுவியபோது அவர் குரு, அவர்கள் சீடர்கள். மேலே இருந்தவர் கீழே இறங்கினார். அதனால்தான் அதற்குத் தாழ்ச்சி என்று பெயர். தலைமுறை தலைமுறையாகக் குனிய வைக்கப்பட்ட ஒருவரிடம் இன்னும் கொஞ்சம் குனியச் சொன்னால் அது ஆண்டையின் பேச்சு. அதில் சுவிசேஷம் எங்கே இருக்கிறது?

திருச்சபையின் வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி உண்டு. மதுரை மிஷனில் ஏழ்மையும் கீழ்ப்படிதலும் வாக்குக் கொடுத்த குருக்கள், பறையர் வீடுகளுக்குள் நுழைய மறுத்தார்கள். சாவுப் படுக்கையில் கிடப்பவருக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுப்பதற்குக்கூட உள்ளே போகவில்லை. நுழைந்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் விலகிவிடுவார்கள் என்று பயந்தார்கள். போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704இல், நோயுற்ற பறையரின் வீட்டுக்குப் போக எந்தக் குருவும் மறுக்கக் கூடாது என்று ஆணையிட்டார். அந்த ஆணையை எதிர்த்து நாற்பது ஆண்டுகள் வழக்காடினார்கள். 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் ஆணையை உறுதி செய்தபோது, கண்டுபிடித்த சமரசம் என்ன தெரியுமா? தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று தனிக் குருக்கள்! சாதியை விட மனமில்லாமல் குருத்துவத்தையே இரண்டாகப் பிரித்தார்கள்.

அடுத்த ஆண்டு நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்திருக்கிறது. புதுச்சேரி சம்பா கோவிலுக்குள் மேல்சாதியாரையும் பறையரையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1745இல் பறையர் கிறிஸ்தவர்கள் குருவிடம் போய் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்து தகராறு செய்தார்கள். ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1750இல், அசைக்க முடியாதது என்று பெயரெடுத்த செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. ராஜாக்கள் கட்டிய மதில் விழுந்துவிட்டது. கோவிலுக்குள் சாதி எழுப்பிய சுவர் இன்றும் வேறு வேறு வடிவில் எழும்பிக்கொண்டே இருக்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலும் அது நின்றது.

இனி ஒற்றுமைக்கு வருவோம். இதே உயர்மறைமாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கிறது எறையூர். அங்கே வன்னியர் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே பங்கின் மக்கள். ஆனால் கல்லறை தனித்தனி. தலித்தின் சவ ஊர்வலம் கோவிலுக்குப் போகும் பெரிய தெரு வழியாகப் போகக் கூடாது. இதைச் சகித்துச் சகித்துப் பார்த்த தலித் மக்கள், தாங்கள் கட்டிய சகாய மாதா கோவிலைத் தனிப் பங்காக அறிவியுங்கள் என்று கேட்டு 2008 மார்ச்சில் உண்ணாநிலை இருந்தார்கள். மார்ச் 9 அன்று அவர்களின் குடியிருப்பு தாக்கப்பட்டது. காவல்துறை சுட்டதில் வன்னியர் கிறிஸ்தவர்கள் இருவர் இறந்தார்கள். ஒரு தெருவை விட்டுக்கொடுக்க மனமில்லாத சாதிப் பெருமிதம், கடைசியில் தன் சொந்த மக்களையும் காவு கொடுத்தது.

தனிப் பங்கு கேட்பது ஒற்றுமையைக் குலைப்பதாகாதா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. இப்போதும் கேட்கிறார்கள். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான். தனிக் கோவில் சாதி ஒழிப்பு ஆகாது என்பது நமக்கும் தெரியும். ஆனால் தெருவும் கல்லறையும் ஏற்கெனவே இரண்டாக இருக்கும் ஊரில் எந்த ஒற்றுமையைக் குலைப்பது? இருக்கிற பிரிவினைக்குப் பெயர் வைத்தவர்களைப் பிரிவினைவாதிகள் என்று சொல்வது என்ன நியாயம்?

அந்தியோக்கியாவில் பேதுரு, யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து பந்தியிலிருந்து விலகினார். பவுல் என்ன செய்தார்? ஒற்றுமை கெடுமே என்று மூடி மறைத்தாரா? எல்லோர் முன்பாகவும் பேதுருவை முகத்துக்கு நேராகக் கண்டித்தார். கலாத்தியர் நிருபத்தில் அவரே இதை எழுதி வைத்திருக்கிறார். திருச்சபையின் முதல் தலைவரையே பந்திப் பிரச்சினைக்காகக் கண்டிக்கலாம் என்றால், ஒரு பங்குப் பேரவைத் தலைவரைக் கண்டிக்கக் கூடாதா? பந்தியிலிருந்து எழுந்தவர்தான் ஒற்றுமையைக் குலைத்தவர், எழுந்ததைக் கேட்டவர் அல்ல.

மூன்றாவது, விடாமுயற்சி. இதைத் தலித் கிறிஸ்தவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. லூக்கா சுவிசேஷத்தில் ஒரு விதவை வருகிறாள். நீதியற்ற நீதிபதியின் வாசலுக்கு ஓயாமல் போய், தனக்கு நியாயம் வழங்கச் சொல்லி அவனை அலைக்கழிக்கிறாள். மனந்தளராத ஜெபத்துக்கு இயேசு காட்டிய உதாரணம் அவள்தான். நம் மறையுரைகளில் ஜெபம் மட்டும் மிஞ்சி, நியாயம் காணாமல் போய்விட்டது.

அந்த விதவைக்கு ஒரு வாசல். தலித் கிறிஸ்தவர்களுக்கு இரண்டு. 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் கதவு திறக்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே மதத் தடையை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. சேரியில் பிறந்தவர் ஞானஸ்நானம் பெற்றால், ஊருக்கு அவர் இன்னும் தலித், அரசுக்கு மட்டும் தலித் இல்லை.

ஆயர்கள் இந்த ஆணையை எதிர்த்துப் பேசுகிறார்கள். வரவேற்கிறோம். ஆனால் டெல்லியின் வாசலில் நின்று நியாயம் கேட்பவர்கள், தங்கள் வாசலில் நிற்பவர்களுக்கு என்ன பதில் சொல்கிறார்கள்? சாதி மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரானது என்று 2003இல் போப் இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடமே சொன்னார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை ஊர்த் தெருவுக்குக் கொண்டுவரத்தான் ஆளில்லை.

செய்ய வேண்டியது பெரிய மறைபொருள் ஒன்றுமில்லை. சேரிக்குள் வராத தேருக்குப் பங்குத்தந்தை மந்திரிக்க மாட்டேன் என்று சொல்லலாம். எல்லாத் தெருவுக்கும் திருவிழா வரி வாங்காத ஊரில் கொடியேற்றத்தை ஆயர் நிறுத்தி வைக்கலாம். கல்லறை ஒன்று, சவ வண்டி ஒன்று, வழி ஒன்று என்று எழுத்தில் ஆணையிடலாம். இதையெல்லாம் செய்ய அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. செய்தால் காணிக்கை குறையும், சில குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போகும். அந்த இழப்பை ஏற்றுக்கொள்வதற்குப் பெயர்தான் தாழ்ச்சி.

மேல்தெருக் கிறிஸ்தவ நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறோம். அடுத்த முறை தாழ்ச்சியைப் பற்றிய மறையுரையைக் கேட்கும்போது பின்வரிசையைத் திரும்பிப் பார்க்காதீர்கள். அது உங்களுக்குச் சொல்லப்பட்டது.